ஆண்டவருக்கு ஒரு ‘ங்க’

திருப்பூரில் தேத்தண்ணீர் கேட்டால் தண்ணீர் வரும். அருள்புரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில், சீனி குறைத்து ஒரு தேத்தண்ணி தரும்படி கேட்டேன். கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்கு எதற்குச் சீனி என்று யோசித்திருப்பார், பாவம். பிறகு, “டீயுங்களா?” என்று அவரே கண்டுபிடித்தார். நிறையப் பால் ஊற்றிய டீ வந்தது. எனக்குப் பால் ஒத்துவராது. வந்து இறங்கிய நாளிலேயே சண்டை வேண்டாம் என்று மடமடவெனக் குடித்து முடித்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பதெல்லாம் பெயருக்குத்தான். கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எங்கள் சபை மாலை வகுப்பு நடத்துகிறது. அது என் தலையில் விடிந்தது. பாதி நேரம் வேதபாடம். மீதி நேரம் வாழ்க்கைப் பாடம்: வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்வது, கோபத்தைக் கையாள்வது, கைபேசியில் ஏமாறாமல் இருப்பது. இதைக் கேள்விப்பட்ட அருள்புரத்து ஆயர், தன் சபையில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வாரம் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். துணி தைக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, தமிழும் தமிழ்தானே என்று நினைத்து விமானம் ஏறினேன். இரண்டாவது நினைப்பு அந்த டீக்கடையிலேயே அடி வாங்கியது.

ஆயரும் அவர் மனைவியும் திருநெல்வேலிக்காரர்கள். சபையிலும் பாதிக்குமேல் தெற்கிலிருந்து பனியன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள்தான். பெற்றோர் தெற்கத்திப் பேச்சுப் பேசுகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போடுகிறார்கள். ஒரே வீட்டுக்குள் தாய் “என்னட்டி செய்யுத?” என்கிறாள், மகள் “சும்மாத்தானுங்க இருக்கறன்” என்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் விநோதமாகப் பார்த்துக்கொள்வதும் இல்லை. நான்தான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் ஆயரம்மா சொதி வைத்திருப்பதாகச் சொன்னபோது எனக்கு நாக்கில் நீர் ஊறியது. எங்கள் ஊரில் சொதி என்றால் இடியப்பத்துக்கு ஊற்றும் தண்ணீர்போன்ற தேங்காய்ப்பால் குழம்பு. இங்கே வந்ததோ காய்கறியும் பருப்பும் போட்டுக் கெட்டியாக வைத்த கல்யாணச் சாப்பாடு, கூடவே இஞ்சிப் பச்சடி. பெயர் மட்டும்தான் சொந்தம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலை வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்தார்கள் பிள்ளைகள். தலைமுடியில் பஞ்சுத் தூசி. ஒரு மூலையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ குசுகுசுத்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். ஊரில் தங்களுக்குக் கணக்குப் படிப்பித்த டீச்சரைப்போலவே நான் இருக்கிறேனாம், வாய்ப்பாடு கேட்டுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறதாம்.

முன்வரிசையில் இருந்த அருண் என்ற பையனை முதலில் எழுப்பினேன். “தம்பி, உம்மைப் பற்றி நீர் சொல்லும்” என்றேன். வகுப்பே சிரித்தது. பையன் காது மடல் சிவக்க நெளிந்தான்.

“ஏனுங்க டீச்சர், ஆண்டவரத்தானுங்க அப்படிக் கூப்புடுவாங்க. எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.”

எங்கள் ஊரில் ‘நீ’ என்றால் கொஞ்சம் கீழே, ‘நீங்கள்’ என்றால் கொஞ்சம் தள்ளி. நடுவில் இருப்பது ‘நீர்’. மாணவனுக்கும் சொல்வோம், கூட்டாளிக்கும் சொல்வோம். காலமாகிவிட்ட என் கணவர் கடைசிவரை என்னை நீர் என்றுதான் அழைத்தார். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வகுப்பே சிரிக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு எல்லோரையும் ‘நீங்கள்’ ஆக்கினேன்.

இந்த வகுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்து இந்தப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் கொடுக்கப்போகிறார். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், வளர்ந்த பிறகு தங்கள் விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே சொல்லும் சடங்கு அது. அது முடிந்தால்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஆயர் முன்னால் எழுந்து, சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம் செய்து காட்ட வேண்டும். யாருக்கு அது வரவில்லையோ, அவருக்கு அடுத்த முறைதான்.

எல்லோரும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். பெனிட்டா மட்டும் இருபதைத் தாண்டியவள். வகுப்பு எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்குமாம். ஒவ்வொரு வருடமும் சரியாக அந்தச் சமயம் பார்த்து அவளுடைய கம்பெனியில் அவசர ஷிப்மென்ட் வந்துவிடுமாம். இந்த முறைதான் ஆயர் வகுப்பை வார நாள் மாலைக்கு மாற்றியிருந்தார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறோமே என்ற வெட்கமெல்லாம் அவளிடம் இல்லை. நான் வாய் திறக்குமுன் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் கால் சும்மா இருக்கவில்லை. டவுனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். ஏறியது முழுக்கப் பெண்கள், எல்லோர் கையிலும் சாப்பாட்டுப் பை. நடத்துனர் வருவார், வருவார் என்று காசைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. பஸ் ஒரு பெரிய இரும்புக் கதவுக்குள் நுழைந்து நின்றது. அது கம்பெனி பஸ்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, புதிதாக வேலைக்குச் சேர வந்தவளா என்று கேட்டார். டெய்லரா, செக்கிங்கா என்று அடுத்த கேள்வி. நான் படிப்பிக்க வந்தவள் என்றேன். இங்கே படிக்க முடியாது, இது கம்பெனி என்று அவர் பொறுமையாக விளக்கினார். என் வயதுக்கு இந்த ஆசையா என்று நினைத்திருப்பார். இந்த வழக்கு எங்கே போய் முடிந்திருக்குமோ, நல்லவேளை பெனிட்டா கண்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவளுடைய சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உள்ளே நின்று பார்க்க விட்டார். தைத்து முடித்த பனியன்கள் மலையாகக் கிடக்க, பெனிட்டா ஒவ்வொன்றாய் விரித்து, திருப்பி, தையல் பிசகிய இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். கிளிநொச்சியில் என் பிள்ளைகளும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அங்கே உள்ளே பேசக்கூடாது. இங்கே ஒரு பக்கம் பாட்டு ஓடுகிறது, ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் திருநெல்வேலி. டீ இடைவேளையில் முட்டை போண்டாவை என் கையில் திணித்துவிட்டு, “இந்த ஞாயித்துக்கெழமையாச்சும் எனக்குத் திடப்படுத்தல் ஆயிரோணுமுங்க டீச்சர்” என்றாள். ஆகிவிடும் என்று நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

புதன்கிழமைப் பாடம் கைபேசி மோசடி. நான் வங்கியிலிருந்து பேசும் திருடனாக நடிப்பேன், அவர்கள் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒருவராலும் முடியவில்லை. ரகசிய எண்ணைச் சொல்லமாட்டோம் என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் வைப்பதற்கு முன் “அப்ப வெச்சரட்டுங்களா?” என்று திருடனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு மரியாதையை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அதற்குப் பிறகு ஜெப ஒத்திகை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, நீர் நல்லவர், நீர் பெரியவர் என்று கடகடவென்று ஒப்பித்தார்கள். பெனிட்டா எழுந்தாள். “ஆண்டவரே, நீ...” என்று தொடங்கினாள். அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை. மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். கண் கலங்கிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாக இருத்திக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

“எங்கப்பா யாரோடயாச்சும் சண்ட போடறப்பத்தானுங்க ‘நீரு என்னவே சொல்லுதீரு’ம்பாரு. பாட்டுல வந்தா பாடிருவனுங்க. நேர்ல பேசறப்ப வாயில வரமாட்டேங்குதுங்க. ஆண்டவர்கிட்டச் சண்டைக்குப் போற மாதிரி இருக்குதுங்க.”

அப்படியானால் வீட்டில் தனியாக எப்படி ஜெபிப்பீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “நீங்கன்னுதானுங்க” என்றாள், ஏதோ களவு செய்து பிடிபட்டவளைப்போல.

இரவுச் சாப்பாட்டின்போது ஆயரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகப் பதில் சொன்னார்.

“நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல டீச்சர். ஆனா ஜெபத்துக்குன்னு ஒரு தமிழ் இருக்குல்லா. ஞாயித்துக்கிழமை பேராயர் முன்னால இந்தப் பிள்ள பேச்சுத் தமிழ்ல ஆரம்பிச்சா, என்னத்தச் சொல்லிக் குடுத்தீருன்னு என்னையத்தான கேப்பாவ?”

உண்மையைச் சொன்னால், நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். சின்ன வயதிலிருந்து ‘நீர்’ என்று சொல்லியே ஜெபித்தவள் நான். ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள இவளுக்கு என்ன கஷ்டம் என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

வியாழக்கிழமை கம்பெனிகளில் வேலை அதிகம், வகுப்பு இல்லை என்றார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் பார்க்க நன்றாயிருக்கும் என்று ஆயரம்மா சொல்ல, பஸ் ஏறினேன். இந்த முறை நடத்துனர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அவர் ஏறுகிறவர்களை எல்லாம் “உள்ள போங்க சாமி” என்று தள்ளிக்கொண்டிருந்தார். வேட்டி கட்டிய கிழவரும் சாமி, பள்ளிக்கூடப் பொடியனும் சாமி, நானும் சாமி. பல்லடம் தாண்டியதும் தென்னந்தோப்புகள் தொடங்கின. எங்கள் பனைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அதிகமாகச் சாய்ந்து, அதிகமாகச் சந்தோஷப்படுவதாகத் தோன்றின. அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள், ஒன்று சுற்ற ஒன்று சும்மா நின்றது.

பக்கத்து இருக்கையில் மடத்துக்குளத்துத் தேங்காய் வியாபாரி. ஆள் வாட்டசாட்டம், முறுக்கிய மீசை. அதுவரை கைபேசியில் யாரையோ விலைக்காக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அதிலும் ஒரு ‘ங்க’ குறையவில்லை. அடுத்த அழைப்பு வந்ததும் குரல் அப்படியே குழைந்துவிட்டது. “சாப்டீங்களா சாமி? அம்மாளத் தொந்தரவு பண்ணாமத் தூங்குங்க கண்ணு. அப்பா பொழுதோட வந்தர்றனுங்க.”

யார் என்று கேட்டேன். மகளாம். இப்போதுதான் நடக்கப் பழகுகிறாளாம். தளர்நடை போடும் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

“மரியாதைங்களா? அதெல்லாம் இல்லீங்க. நம்ம புள்ளைய வேற எப்படீங்க கூப்புடறது?”

எனக்குச் சுருக்கென்றது. இந்த ‘ங்க’வை நான் தொலைவு என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கு அதுதான் மடி. என் கணவர் என்னை ‘நீர்’ என்றபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் பெனிட்டாவுக்கு ‘நீங்க’ இருந்திருக்க வேண்டும். யாராவது வந்து, இனி உன் புருஷனை வேறு மாதிரிக் கூப்பிடு, அதுதான் முறை என்று சொல்லியிருந்தால் நானும் வாயடைத்துத்தானே போயிருப்பேன். காற்றாலையை ஒழுங்காகப் பார்க்காமலே திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை பெனிட்டாவிடம், உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படியே ஜெபியுங்கள், ஆயரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “நெசமாத்தானுங்களா?” என்று மூன்று நான்கு முறை கேட்டாள். ஆயரிடம் பேசினேன். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை கேட்போம் என்றார்.

சனிக்கிழமை மாலை கோயிலுக்குள் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஆயர், பக்கத்தில் சபை மூப்பர் ஒருவர். அருண் ஒரே மூச்சில் ஜெபித்துவிட்டு உட்கார்ந்தான். மற்றவர்களும் முடித்தார்கள். கடைசியாகப் பெனிட்டா எழுந்தாள். “ஆண்டவரே” என்றாள். ஆயரைப் பார்த்தாள். மூப்பரைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

வாரம் முழுக்கக் கட்டி வைத்திருந்த என் வாய் அந்த நேரம் பார்த்து அவிழ்ந்துவிட்டது. ஊரில் பேசுவதுபோலவே, “பயப்பிடாதையும் பிள்ளை, நீர் சொல்லும்” என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. “சரிங்க” என்றாள். பிறகு, “எனக்கு வர்லீங்க. அடுத்த தடவ பாத்துக்கறனுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஆயர் பெருமூச்சு விட்டு, முடிப்போம் என்பதுபோல் எழப் போனார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தைரியம் சொன்னால் ஒரு பிள்ளை ஏன் இப்படி உடைந்துபோக வேண்டும்?

அருண்தான் திரும்பி மெதுவாகச் சொன்னான். “ஏனுங்க டீச்சர், நீங்களே அவுங்கள ‘நீர்’னு சொல்லச் சொல்லிட்டீங்களே.”

ஐயோ என்று இருந்தது எனக்கு. நீ பேசம்மா என்று நான் சொன்னது, அந்தச் சொல்லையே சொல்லு என்று கட்டளை இட்டதாக அவள் காதில் விழுந்திருக்கிறது. நேற்று ஒன்றைச் சொல்லிவிட்டு இன்று எல்லோர் முன்னாலும் காலை வாரிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

நான் எழுந்து ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என் ஊர்ப் பேச்சில், பிள்ளையில் இல்லை, இன்னொரு தரம் கேளுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். மூப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் தெற்கத்திக்காரர். எங்க ஊர்ல நாங்க சண்டை போடவும் அதுதான், சாமி கும்பிடவும் அதுதான் என்று ஆயரைப் பார்த்துச் சொன்னார். எழப் போன ஆயர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, “எந்திரிம்மா. உனக்கு எப்படி வருதோ அப்படியே சொல்லு” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க கண்ணு” என்றேன். அந்த ஊர்த் தமிழ் என் வாயில் கோணலாகத்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெனிட்டா கண்ணை மூடினாள்.

“சாமி, நானுங்க, பெனிட்டா. நல்லாப் பேசோணும்னு நெனச்சுட்டு வந்தனுங்க, எல்லாம் மறந்துபோச்சுங்க. திருவிருந்துக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப, கொழந்தைகளையும் பேக்கையும் என்றகிட்டக் குடுத்துட்டுப் போவாங்க. எனக்கு அதுல வருத்தமில்லீங்க.” நிறுத்தினாள். “இல்லீங்க, உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுங்க. வருத்தமுங்க. அழுதிருக்கறனுங்க, உங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க எல்லாத்தையும் கூப்புடறப்ப என்னையுந்தானுங்களே கூப்புட்டீங்க. நான் வர்றனுங்க.”

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்ல அவளும் மறந்துவிட்டாள், ஆயரும் மறந்துவிட்டார். மூப்பர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நாளைக்கு உடுக்க வெள்ளைச் சேலை இருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்குதுங்க ஐயா. போன வாரமே அயர்ன் பண்ணி வெச்சிட்டனுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பேராயர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். பெனிட்டா முறை வந்தபோது, எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் தாய் எம்பி எம்பிப் பார்த்தார். முடிந்ததும் பிள்ளைகள் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலை மடிப்புக் கலையாமல் இருக்கக் கையை எடுத்தெடுத்து வைத்துக்கொண்டாள்.

திருவிருந்து தொடங்கியது. எங்கள் வரிசை எழுந்தது. அந்தப் பக்கம் இருந்த ஒரு தாய், எத்தனையோ மாதங்களாகச் செய்வதைப்போலவே, திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் குழந்தையைத் தூக்கிப் பெனிட்டாவின் மடியில் வைத்தாள். கூடவே ஒரு பையும் வந்தது. பெனிட்டாவின் கை பழக்கத்தில் குழந்தையை அணைத்துக்கொண்டது. ஒரு கணம் அப்படியே இருந்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டுமோ என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். “அக்கா, இன்னைக்கு நானும் போறனுங்க” என்றாள். சத்தமாக இல்லை. அந்தத் தாய் திரும்பி, வெள்ளைச் சேலையைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் அடுத்த வரிசையோடு போய்க்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். பெனிட்டா குழந்தையை என் மடியில் வைத்தாள். பையை வைத்தாள். தன் பையையும் அதன்மேல் வைத்தாள். அவள் போவதைப் பார்த்த பின்வரிசைப் பெண்ணும் தன் பையை என்னிடம் நீட்டினாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுக்க, அதைக் காப்பாற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பெனிட்டா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள்.